இந்தக் காசு செல்லாது தம்பி

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு கதையை ஒரு ஷேர் ஆட்டோவுலேர்ந்து ஆரம்பிக்கிறேன்.

போன மாசம் தாம்பரம் ஸ்டேஷன்ல இறங்கி, கிழக்குப் பக்கம் கேம்ப் ரோடு போற ஷேர் ஆட்டோல ஏறினேன். இறங்கும்போது ஒரு பத்து ரூபாய் நோட்டும் ஒரு பத்து ரூபாய் காசும் கொடுத்தேன். டிரைவர் நோட்டை மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டார். காசை மட்டும் ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துட்டு, "இந்தக் காசு செல்லாது தம்பி, வேற கொடு"ன்னார்.

"ஏன்ணே?"

"இதுல ரூபாய் குறியே இல்ல பாரு. நான் வாங்கினா என்கிட்ட யாரு வாங்குவா?"

பின்னாடி பஸ் ஹாரன் அடிக்குது. போன்ல பணம் அனுப்பிட்டு இறங்கிட்டேன்.

வீட்டுக்கு நடக்கும்போது அந்தக் காசை நல்லா பார்த்தேன். ஒரு பக்கம் அசோகத் தூணோட சிங்கம். இன்னொரு பக்கம் ஒரு புலி, அதுக்குப் பின்னாடி ஒரு பனைமரம். அது ரிசர்வ் வங்கியோட சின்னம். 1935ல தொடங்கின ரிசர்வ் வங்கிக்கு 75 வயசு ஆனதைக் கொண்டாட 2010ல வந்த நினைவு நாணயம் அது. நாட்டோட பணத்துக்குப் பொறுப்பான வங்கியோட பிறந்தநாள் காசே செல்லாதுன்னு தாம்பரத்துல ஒரு ஆட்டோவுல திரும்பி வருது.

சிரிப்பு வந்தது உண்மைதான். ஆனா அவர் கேட்ட கேள்வியில நியாயம் இருக்கு. ஒரே மதிப்புள்ள காசுக்கு எத்தனை முகம் இருக்கலாம்? அந்த முகத்தை யார் முடிவு பண்றாங்க? அதுக்கு விதி என்ன? இன்னைக்கு எபிசோடு இதைப் பத்திதான்.

ஆளுக்கொரு காசா இருந்த காலம்

ஒரே பணத்தைப் பல ஊர், பல அரசு சேர்ந்து பயன்படுத்துறது நமக்கு இப்போ சாதாரணம். எப்பவும் அப்படி இல்ல. சென்னையிலேயே காசு அடிச்சிருக்காங்க. வடசென்னையில தங்கசாலைன்னு ஒரு தெரு இருக்கு இல்லையா, மின்ட் ஸ்ட்ரீட்? அந்தப் பேரே அங்க இருந்த நாணயச் சாலையால வந்ததுதான். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துல மெட்ராஸ் மாகாணத்துக்குன்னு வராகன், பணம், காசுன்னு தனிக் கணக்கு இருந்தது. அந்தக் காலத்து செப்புக் காசு சிலதுல தமிழ் எழுத்தும் தெலுங்கு எழுத்தும் இருக்கும். வாங்குறவன் படிக்கணும்ல, அதனால.

1835ல கம்பெனி தன்னோட எல்லா மாகாணத்துக்கும் ஒரே மாதிரி ரூபாயைக் கொண்டு வந்தது. 1869ல மெட்ராஸ் நாணயச் சாலையை மூடிட்டாங்க. இன்னைக்கு நாணயம் அடிக்கிறது மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா, இந்த நாலு இடத்துல மட்டும்தான். உங்க கையில இருக்கிற காசுல வருஷத்துக்குக் கீழ பாருங்க. வைர வடிவம் இருந்தா மும்பை, நட்சத்திரம் இருந்தா ஹைதராபாத், புள்ளி இருந்தா நொய்டா. ஒண்ணுமே இல்லைன்னா கொல்கத்தா.

ஒரே ரூபாய் வந்த பிறகும் சில சமஸ்தானங்கள் தன் காசை விடல. நமக்குப் பக்கத்துல நல்ல உதாரணம் புதுக்கோட்டை. பெரிய கொடுக்கல் வாங்கலுக்கு பிரிட்டிஷ் ரூபாய். சில்லறைக்கு அம்மன் காசு. ஒரு பக்கம் அரசரோட குலதெய்வம் பிரகதாம்பாள், இன்னொரு பக்கம் தெலுங்கு எழுத்துல 'விஜய'. நவராத்திரிக்கு அரிசியோட சேர்த்து இந்தக் காசைத் தானமாவும் கொடுத்திருக்காங்க. அதாவது அது சாமி ஞாபகமும்தான், சந்தையில செல்லுற காசும்தான். ஒரு நாணயம் இந்த ரெண்டு வேலையையும் சேர்த்துச் செய்ய முடியும்னு அந்தச் சின்னக் காசு காட்டுது. 1948ல புதுக்கோட்டை இந்தியாவோட இணைஞ்சது.

அதுக்கப்புறம் வந்த அரசியல் சட்டத்துல விஷயம் தெளிவு. ஏழாவது அட்டவணை, மத்திய அரசுப் பட்டியல், 36வது இனம்: பணம், நாணயம். மாநிலத்துக்கு அதுல எந்த அதிகாரமும் இல்ல. ரூபாய் நோட்டை ரிசர்வ் வங்கி வெளியிடுது. நாணயத்தை மத்திய அரசு அடிச்சு, ரிசர்வ் வங்கி வழியா மக்களுக்கு அனுப்புது. ஆக தமிழ்நாட்டுக்கு ஒருத்தர் ஞாபகமா ஒரு காசு வேணும்னா, டெல்லியில நிதி அமைச்சகத்துக்கிட்ட கேட்கணும். ஒவ்வொரு நினைவு நாணயத்துக்கும் தனியா ஒரு விதி அரசிதழ்ல வரும். எந்த மதிப்பு, என்ன உலோகம், எத்தனை மில்லிமீட்டர், எந்தப் பக்கம் என்ன எழுதணும், எல்லாம் அதுல இருக்கும்.

வள்ளுவர், காமராஜர், ஒரு கையெழுத்து

சுதந்திர இந்தியாவோட முதல் நினைவு நாணயம் 1964ல, நேரு இறந்த பிறகு வந்தது. 50 பைசாவுலயும் ஒரு ரூபாயிலயும் அவர் முகம். அடுத்து 1969ல காந்தி நூற்றாண்டு. ஆரம்பத்துலேர்ந்தே ரெண்டு வகை உண்டு. ஒண்ணு, கடைக்குப் போற சாதாரண மதிப்புல வர்றது. இன்னொண்ணு, வெள்ளி கலந்து சேகரிப்பாளருக்காக அடிக்கிறது.

நம்ம ஊர் ஆளுங்க முதல் வகையில நல்லாவே வந்திருக்காங்க. 1995ல தஞ்சாவூர்ல எட்டாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தது. அதுக்காக 1, 2, 5 ரூபாய் காசுகள்ல திருவள்ளுவர் வந்தார். அடுத்து நூற்றாண்டுக்காக 5 ரூபாயில காமராஜர். 2009ல அண்ணா. 2010ல சி. சுப்பிரமணியம். அதே 2010ல தஞ்சைப் பெரிய கோயிலோட ஆயிரமாவது ஆண்டுக்கும் 5 ரூபாய் காசு. என் சின்ன வயசுல உண்டியலை உடைச்சா இவங்கள்ல ரெண்டு பேராவது கிடைப்பாங்க. உங்க வீட்டுலயும் இருக்கும்.

இப்போ அந்த 1995 காசை எடுத்துப் படிச்சுப் பாருங்க. உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த காசு; வள்ளுவர் நிக்கிறார். எழுத்து? இந்தியும் ஆங்கிலமும் மட்டும். ஒரு தமிழ் எழுத்து கிடையாது. யாரும் வேணும்னு சதி பண்ணல. நாணய விதிகள் எழுதுற அச்சு அப்படி. ஒரு பக்கம் சிங்கம், ரெண்டு புறமும் 'பாரத்'னு தேவநாகரியிலயும் 'இந்தியா'ன்னு ஆங்கிலத்துலயும். மறுபக்கம் யாருக்கான காசோ அவங்க பேரு, அதே ரெண்டு மொழியில. நோட்டோட பின்பக்கம் பதினஞ்சு மொழியில மதிப்பு போட்டிருக்கும், அதுல தமிழும் உண்டு. காசுல அந்த வழக்கம் இல்ல. சிங்கப்பூர் காசுலயும் இலங்கைக் காசுலயும் தமிழ் உண்டுங்கிறதையும் சேர்த்து யோசிங்க.

2009ல அண்ணா காசு இந்த அச்சுக்குள்ள ஒரு வழி கண்டுபிடிச்சது. பேரு வழக்கம்போல இந்தி, ஆங்கிலத்துல. ஆனா படத்துக்குக் கீழ அவரோட கையெழுத்து இருக்கு. அண்ணா தமிழ்ல கையெழுத்து போட்டவர். எழுத்தா கேட்டா விதி இடிக்கும். படத்தோட ஒரு பகுதின்னா இடிக்காது. அப்படித்தான் ஒரு 5 ரூபாய் காசுல தமிழ் வந்து உட்கார்ந்தது.

யூரோவுல எப்படி?

பல பேர் சேர்ந்து ஒரே பணம் வெச்சுக்கிறதுல நம்மளோட ஒப்பிட நல்ல இடம் யூரோ. சுமார் இருபது நாடுகள், ஒரே காசு. அதுல ஒரு பக்கம் எல்லாருக்கும் பொது. இன்னொரு பக்கத்தை அந்தந்த நாடு வடிவமைக்கலாம். நினைவு நாணயம்னா 2 யூரோ காசுல மட்டும்தான். 2004ல ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸுக்காக கிரீஸ் முதல்ல போட்டது. ஆரம்பத்துல ஒரு நாட்டுக்கு வருஷத்துக்கு ஒண்ணு. 2012 விதிப்படி ரெண்டு. எத்தனை அடிக்கலாம்னும் உச்சவரம்பு இருக்கு. படத்தை முன்கூட்டியே மத்த நாடுகளுக்குக் காட்டணும். ஏன்னா அந்தக் காசு அவங்க ஊர்க் கடையிலயும் செல்லும். தன் மக்கள் மனசு புண்படும்னு ஒரு நாடு நினைச்சா ஆட்சேபம் சொல்லலாம்.

2015ல இது நிஜமாவே நடந்தது. நெப்போலியன் தோத்த வாட்டர்லூ போரோட 200வது ஆண்டுக்கு பெல்ஜியம் ஒரு 2 யூரோ காசு போடப் பார்த்தது. போர் நடந்த இடம் பெல்ஜியத்துலதான் இருக்கு. ஆனா பிரான்ஸுக்கு அது தோல்வி. எங்க ஊர் டீக்கடையில எங்க தோல்வியை நாங்களே வாங்கிக் கொடுக்கணுமான்னு அவங்க எதிர்த்தாங்க. பெல்ஜியம் பின்வாங்கிச்சு. ஆனா விடல. விதிப் புத்தகத்தைப் புரட்டி, இரண்டரை யூரோன்னு வழக்கத்துல இல்லாத மதிப்புல ஒரு காசு அடிச்சது. அப்படி அடிச்சா அந்த நாட்டுக்குள்ள மட்டும்தான் செல்லும். அதுக்கு யார் அனுமதியும் வேண்டாம்.

இந்தக் கதையில நான் பிடிச்சுக்கிறது ஒரே ஒரு விஷயம். அங்க ஒவ்வொரு உறுப்பினருக்கும் உரிமைன்னு ஒரு பங்கு இருக்கு, அந்த உரிமைக்கு எண்ணிக்கையில எல்லை இருக்கு, மத்தவங்க வாய் திறக்க ஒரு இடமும் இருக்கு.

நம்மகிட்ட அப்படி இல்ல. 2011 நாணயச் சட்டம் எடுத்துக்கோங்க. 1906 சட்டத்துக்குப் பதிலா வந்தது. ஒரு குறிப்பிட்ட நிகழ்வையோ சந்தர்ப்பத்தையோ நினைவுகூர அரசு அடிக்கிற காசு நினைவு நாணயம், அவ்வளவுதான் வரையறை. வருஷத்துக்கு எத்தனைன்னு அதுல சொல்லல. மாநிலத்துக்கு இத்தனைன்னும் சொல்லல. பெரிய கோயில் காசையும், வைஷ்ணவ தேவி காசையும் வாபஸ் வாங்கணும், மதச்சார்பற்ற நாட்டுல இது கூடாதுன்னு டெல்லி உயர் நீதிமன்றத்துல வழக்கு வந்தது. 2018 ஜனவரியில தள்ளுபடி ஆச்சு. எந்த நிகழ்வுக்கும் காசு வெளியிட சட்டம் இடம் கொடுக்குது, அதனால மதச்சார்பின்மை கெட்டுப்போறதில்லைன்னு நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஆக யாருக்குக் காசு வரும்ங்கிறது முழுக்க முழுக்க மத்திய அரசு எடுக்கிற முடிவு.

பதினாலு முகம்

இனி அந்த ஆட்டோவுக்குத் திரும்புவோம்.

இரட்டை உலோக 10 ரூபாய் காசு மக்கள் கைக்கு வந்தது 2009ல. 27 மில்லிமீட்டர், 7.71 கிராம், நடுவுல வெள்ளை, சுத்தி மஞ்சள். புதுக் காசு. அப்போ 10 ரூபாய் நோட்டும் கூடவே ஓடிட்டு இருக்கு. புதுசா வர்ற காசோட முகம் முதல்ல பழகணும் இல்லையா? பழக விடல. ஹோமி பாபா நூற்றாண்டு, ரிசர்வ் வங்கி 75, நாடாளுமன்றம் 60, வைஷ்ணவ தேவி, கயிறு வாரியம், சின்மயானந்தா, அம்பேத்கர் 125, யோகா தினம், இப்படி வரிசையா வந்தது. நடுவுல 2010 ஜூலையில ரூபாய்க்குப் புதுக் குறியீடு அறிவிச்சாங்க. 2011லேர்ந்து அது காசுல ஏறிச்சு. ஆக சிலதுல குறி இருக்கு, சிலதுல இல்ல. சாதாரணக் காசுலயே ஒண்ணுல பதினஞ்சு கோடு, இன்னொண்ணுல பத்து கோடு.

பத்து கோடு இருந்தா நல்ல காசு, பதினஞ்சு கோடு இருந்தா கள்ளக் காசுன்னு வாட்ஸ்அப்ல ஒரு வதந்தி. பணமதிப்பிழப்பு நேரம் வேற. எந்தப் பணம் நாளைக்குச் செல்லாமப் போகும்னு எல்லாருக்கும் பயம். சண்முகம் சாலை மார்க்கெட்டுல கீரை விக்கிற அக்காலேர்ந்து பஸ் வரைக்கும் 10 ரூபாய் காசை வாங்க மாட்டேன்னாங்க. 2018 ஜனவரி 17ல ரிசர்வ் வங்கி ஒரு அறிக்கை விட்டது. இதுவரை 14 வடிவத்துல 10 ரூபாய் காசு வந்திருக்கு, பதினாலும் செல்லும். காசு நோட்டு மாதிரி சீக்கிரம் கிழியறதில்ல, அதனால பழசும் புதுசும் சேர்ந்தேதான் புழங்கும்.

அறிக்கை சரிதான். ஆனா பதினாலு முகத்தையும் கீரைக்கார அக்கா எங்க போய்ப் பார்ப்பாங்க? ஒரு காசை வாங்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ண அவங்களுக்கு ரெண்டு நொடிதான் இருக்கு. ஏமாந்தா பத்து ரூபாய் அவங்க லாபத்துலேர்ந்து போகும், நிதி அமைச்சகத்துலேர்ந்து போகாது.

2022ல தர்மபுரி மாவட்டத்துல ஒருத்தர் சேர்த்து வெச்ச 10 ரூபாய் காசுகளா சுமார் 6 லட்சம் ரூபாய் கொடுத்து கார் வாங்கினது செய்தியாச்சு. இந்தக் காசு செல்லும்னு ஊருக்குக் காட்டத்தான் அப்படிச் செஞ்சார். இதுல ஒரு வேடிக்கை இருக்கு. 2011 சட்டம் ஆறாவது பிரிவுப்படி, ஒரு ரூபாயும் அதுக்கு மேலயும் உள்ள காசு ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரைக்கும்தான் சட்டப்படி செல்லும் பணம். அதுக்கு மேல காசாவே கொடுத்தா வேண்டாம்னு சொல்ல கார்க் கடைக்கு உரிமை இருந்தது. அவங்க வாங்கிக்கிட்டாங்க. பத்து ரூபாய்க்கு மறுக்க உரிமை இல்லாத கடைங்கதான் மறுத்துட்டு இருந்தது.

பெட்டிக்குள்ள போன ஞாபகம்

இந்தக் குழப்பத்துக்குப் பிறகு நினைவு நாணயம் மெல்ல மெல்லக் கடைத்தெருவை விட்டே போயிடுச்சு. 2017ல எம்.எஸ். சுப்புலட்சுமிக்கும் எம்.ஜி.ஆருக்கும் நூற்றாண்டு நாணயம் அறிவிச்சாங்க. எம்.எஸ்.ஸுக்கு 100ம் 10ம், எம்.ஜி.ஆருக்கு 100ம் 5ம். அந்த 10ம் 5ம்கூட ஒரு தடவையும் சில்லறையா என் கைக்கு வந்ததில்ல. 100 ரூபாய் காசுன்னா பல வருஷமா இருந்த அளவு 44 மில்லிமீட்டர், 35 கிராம், பாதி வெள்ளி. வெல்வெட் பெட்டியில வெச்சு, மேல போட்டிருக்கிற மதிப்பை விடப் பல மடங்கு விலைக்கு நாணயச் சாலையே விக்குது. அதைக் கொண்டு போய் யாரும் மளிகை வாங்கப் போறதில்ல.

2024 ஆகஸ்ட் 18ல கலைவாணர் அரங்கத்துல கலைஞர் நூற்றாண்டு நாணயத்தை ராஜ்நாத் சிங் வெளியிட்டார். 100 ரூபாய். காசுல இந்தி இருக்கேன்னு எதிர்க்கட்சி கேட்டுச்சு. மத்திய அரசு நாணயம்னா அப்படித்தான் இருக்கும், ஆனா அண்ணா காசுல தமிழ்க் கையெழுத்து, இதுல தமிழ் வாசகம்னு முதல்வர் ஸ்டாலின் பதில் சொன்னார். உண்மைதான். அதுல 'தமிழ் வெல்லும்'னு தமிழ்லயே இருக்கு. கையெழுத்துல ஆரம்பிச்சது பதினஞ்சு வருஷத்துல ஒரு வாசகமா வளர்ந்திருக்கு.

ரெண்டு கட்சியும் காசுல என்ன எழுதியிருக்குன்னு சண்டை போட்டாங்க. அந்தக் காசை யார் படிக்கப் போறாங்கன்னு யாரும் கேட்கல. 1995ல தமிழே இல்லாத வள்ளுவர் காசு லட்சக்கணக்கான பேர் கையில புழங்கினது. 2024ல தமிழ் இருக்கிற காசு ஷோகேஸ்ல இருக்கு. எனக்கு இதுதான் வருத்தம். காசுல ஒருத்தரை வைக்கிறதோட அர்த்தமே, அவரைத் தேடிப் போகாதவங்க கைக்கும் அவர் போய்ச் சேரணும்ங்கிறதுதான். தேடிப் போய் வாங்குறவங்களுக்கு மட்டும்னா படம் போட்ட பதக்கம் போதும்.

என் கருத்து இதான். நினைவு நாணயம் திரும்பக் கடைத்தெருவுக்கு வரணும். ஆனா எல்லையோட வரணும். வருஷத்துக்கு இத்தனைதான்னு ஒரு எண். மாநிலங்களுக்கு முறை வெச்சு ஒரு பங்கு. புதுசா வர்ற மதிப்புக்கு முதல் பத்து வருஷம் ஒரே முகம். அந்தந்த மாநிலக் காசுல அந்த மாநில மொழி, கையெழுத்துன்னு சாக்கு சொல்லி நுழையாம, நேர் வழியில. இதுக்குப் பெரிய சட்டத் திருத்தம்கூட வேண்டாம். வடிவத்தை முடிவு பண்றது அரசு எழுதுற விதிதானே.

கடைசியா ஒண்ணு. போன வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போனேன். பழைய சாமான், புறா, துருப்பிடிச்ச சைக்கிள், எல்லாத்துக்கும் நடுவுல ஒரு பெரியவர் துணி விரிச்சு பழைய காசு வெச்சிருந்தார். பிளாஸ்டிக் கவர்ல அண்ணா 5 ரூபாய். "எவ்ளோ ஐயா?" "அம்பது." கேம்ப் ரோட்டுல பத்து ரூபாய் காசு பத்துக்குக்கூடப் போகல, இங்க அஞ்சு ரூபாய் அம்பதுக்குப் போகுது.

வாங்கினேன். வர்ற வழியில தாம்பரத்துல ஒரு டீ. பதினஞ்சு ரூபாய். பத்து ரூபாய் நோட்டு மேல அந்த அண்ணா காசை வெச்சுக் கொடுத்தேன். மாஸ்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கல. டப்பாவுல போட்டுட்டு அடுத்த ஆளுக்கு டீ ஆத்தப் போயிட்டார்.

அஞ்சு ரூபாய்க் காசு அவருக்குப் பல வருஷப் பழக்கம். அதனால யார் முகம்னு பார்க்காமலே வாங்கிட்டார். சாயங்காலத்துக்குள்ள அது வேற யாரோ ஒருத்தர் கைக்குச் சில்லறையாப் போயிருக்கும். அந்த ஒருத்தர் திருப்பிப் பார்த்து, "அட, தமிழ்ல எழுதியிருக்கே"ன்னு சொல்லியிருந்தா, என் அம்பது ரூபாய்க்கு அது போதும்.

உங்க பர்ஸ்ல இருக்கிற காசையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.